ஜான் சார்லஸுக்கு எத்தனை மார்க்கு?

பரீட்சைப் பேப்பர் திருத்தும் உபாத்தியாயர்களிடம் நமக்கு எப்போதுமே அனுதாபம் உண்டு. பையன் எழுதியிருப்பதைப் பார்த்தால் நாற்பது கொடுக்கலாம் என்று தோன்றும். அவன் எழுத நினைத்தது இன்னதென்று ஊகித்துப் பார்த்தால் ஐம்பது கொடுக்கலாம் போலிருக்கும். கையெழுத்தைப் பார்த்தாலோ முப்பதுக்கு மேல் மனம் வராது. ஆனால் இதெல்லாம் தூரத்திலிருந்து செலுத்திய அனுதாபந்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாமே சிவப்பு மசிப் பேனாவைக் கையில் பிடிக்கும்படி நேர்ந்துவிட்டது. மாணாக்கர் ஒரே ஒருவர். அவரும் 2004-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி காலஞ்சென்றவர்!

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறோம். அடுத்த வீட்டில் பத்தாவது வகுப்பு வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் கால்பந்தில் ஆசை. தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடும் வீடியோ கால்பந்தில் பேராசை. அந்தப் பெட்டிக்குள் ஓடியாடும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு ஜாபிதா உண்டு. வேகம் இத்தனை, பந்தை உதைக்கும் பலம் இத்தனை, தலையால் அடிக்கும் திறன் இத்தனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் 99-க்குள் ஓர் எண் போட்டிருக்கும். எண் எப்படியோ அப்படியே அந்த ஆசாமி ஆடுவார். இக்காலத்து ஆட்டக்காரர்களுக்கெல்லாம் விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனியாரே மார்க்குப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பழைய காலத்து வீரர் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், ரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிக் கொள்வதுண்டு. ஜாதகம் கணிப்பது போன்ற காரியந்தான். ஒரு வித்தியாசம்: ஜாதகம் பிறந்தவுடன் கணிப்பது, இது மனிதர் போன பிறகு கணிப்பது. ஆகையால் பலன் தப்பிவிட்டால் கிரகங்களின் மேல் பழி போடுவதற்கில்லை.

"மாமா! ஜான் சார்லஸுக்கு மார்க்குப் போட வேண்டும். நீங்கள் பழைய காலத்து விஷயமெல்லாம் படிக்கிறவர். கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பையன் காகிதத்தை நீட்டினான்.

ஜான் சார்லஸ் என்ற பெயரை அறியாத நேயர்களுக்காக அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியது அவசியம்.

அவர் வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீ நகரில் 1931-ம் வருஷம் டிசம்பர் மாதம் 27-ந் தேதி பிறந்தவர். ஆறடி இரண்டங்குல உயரம். அதற்குத் தக்க ஆகிருதி. இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் என்னும் சங்கத்துக்காக 1949-ல் ஆட வந்தார். அப்போது அவர் 'ஸென்டர் ஹாப்'. அதாவது, பின்னணியின் நடுவில் தூண் போல் நின்று எதிரியின் முன்னணி ஆட்டக்காரரைத் தடுக்கும் வேலை. 1952-ல் அச்சங்கத்தின் மானேஜராயிருந்த மேஜர் பிராங்க் பக்லி அவரைப் பின்னாலிருந்து முன்னால் அனுப்பி 'ஸென்டர் பார்வர்டு' ஆக்கினார். காவல்காரனைத் திருடனாக்கிய கதைதான்! ஆனால் அந்தக் காவல்காரர் திருட்டிலும் கைதேர்ந்துவிட்டார். 1953-54-ம் பருவத்தில் லீக் பந்தயங்களில் மட்டும் 42 கோல் போட்டார். லீட்ஸ் சங்கத்தில் அந்தக் கணக்கை இன்றுவரை எவரும் தாண்டவில்லை. 1956-ல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. அங்கேயாவது தடுமாறுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1956-57-ல் 38 கோல்.

1957-ல் இத்தாலி தேசத்து டூரின் நகரிலுள்ள யுவென்டஸ் சங்கம் 65,000 பவுன் கொடுத்து அவரை அழைத்துக் கொண்டது. பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஒருவருக்காக அதுவரை எவரும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் வாரச் சம்பளம் 20 பவுனுக்குள்தான். அதற்குமேல் கொடுக்கக் கூடாதென்று விதியே இருந்தது. 1961-ல்தான் அவ்விதி ஒழிந்தது. எல்லாருக்கும் ஒரே மார்க்கு என்ற தேசத்திலிருந்து, ஆளுக்குத் தக்க மார்க்கு என்ற தேசத்துக்கு அவர் போனார் என்று வைத்துக் கொள்ளலாம்.

போன முதல் பருவத்திலேயே 28 கோல் போட்டு இத்தாலிய லீக்கின் முதல் ஸ்தானத்தைப் பெற்றார். யுவென்டஸ் அவ்வருஷம் பத்தாவது தடவையாக இத்தாலியில் முதன்மை பெற்றுத் தன் சட்டையில் ஒரு நட்சத்திரத்தைத் தைத்துக் கொண்டது. 1960-லும் 1961-லும் மறுபடி அதே வெற்றி. அர்ஜென்டீனாவிலிருந்து வந்த ஓமர் ஸிவோரி, உள்ளூர்க்காரரான போனிபெர்டி, நமது சார்லஸ் ஆகிய மூவரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை டூரின் வாசிகள் மாய மூவர் ஆட்டம் என்று கொண்டாடினார்கள். 1959-ல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தபோது சார்லஸ் மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தவர் டி ஸ்டெபானோ; அவரும் மைதானத்தின் எல்லா மூலைகளிலும் காணப்பட்ட மனிதர்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பையன், "அப்படியானால் எல்லாக் கட்டத்திலும் 95 போட்டுவிடலாமே!" என்றான்.

தாராள மனசுக்காரர்களிடம் மார்க்குப் புஸ்தகத்தைக் கொடுக்கக் கூடாது. எல்லாருக்கும் 95 போட்டால் 95 என்பதற்கு மதிப்பேது? "வேகத்துக்கு 80. பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு போவதற்கு 81. அவ்வளவு பெரிய உருவத்துக்கு அதுவே அதிகம். தலையால் அடிப்பதற்கு மட்டும் 97 போடு, அதில் தயக்கம் வேண்டாம்" என்றோம். அந்தக் காலத்துப் பந்து தோல்பந்து. மழையில் நனைந்தால் கனத்துவிடும். அதைத் தலையால் அடித்து வலைக்குள் அனுப்பியவருக்கு மார்க்கில் கஞ்சத்தனம் காட்டுவது பாவம்.

உடல் வலிமைக்கு 95, கோல் அடிப்பதற்கு 92, எதிரியைத் தடுப்பதற்கு 91 என்று எழுதிக் கொண்டு போனோம். அடுத்தாற்போல் ஒரு கட்டம் வந்தது. அதற்குப் பெயர் 'மூர்க்கம்'.

பையன் யோசனையின்றி 35 என்று எழுதினான். அவன் பேரிலும் தவறில்லை. ஜான் சார்லஸுக்கு இத்தாலியர் சூட்டிய பட்டமே 'நல்ல பூதம்' என்று பொருள்படுவது. இத்தனை வருஷ ஆட்டத்தில் ஒரு தடவையாவது அவருடைய பெயரை நடுவர் குறிப்புப் புஸ்தகத்தில் எழுதியதில்லை. மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பியதுமில்லை. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் 1970-ல் வந்தவை. அவருடைய நாளில் எச்சரிக்கை என்றால் புஸ்தகத்தில் பெயர் ஏறுவதுதான். டூரின் நகரத்தார் ஒரு கதை சொல்வதுண்டு. அவ்வூரின் மற்றொரு சங்கத்துடன் நடந்த பந்தயத்தில், சார்லஸின் முழங்கை தற்செயலாகப் பட்டு எதிர்க்கட்சி ஆட்டக்காரர் ஒருவர் கீழே விழுந்துவிட்டார். எதிரே கோல் திறந்து கிடந்தது. அவரோ பந்தை மைதானத்துக்கு வெளியே தட்டிவிட்டு, விழுந்தவரைக் கவனிக்கத் திரும்பினாராம்.

மார்க்கெல்லாம் போட்டு முடிந்ததும் பையன் விளையாட்டுப் பெட்டியில் எண்களை ஏற்றினான். பெட்டி கணநேரத்தில் கூட்டிக் கழித்து மொத்த மார்க்குச் சொல்லிற்று: முன்னணியில் 90, பின்னணியில் 87.

"பின்னணியில் ஏன் குறைந்தது?" என்று கேட்டோம்.

பையன் ஆராய்ந்து பார்த்துச் சொன்னான். பின்னணி ஆட்டக்காரருக்கு மொத்தம் போடும்போது மூர்க்கத்துக்கும் ஒரு பங்கு உண்டாம். சார்லஸ் சாதுவாயிருந்ததால் மூன்று மார்க்கு போயிற்று!

இது நமக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் யாரையும் அடிக்காமல் ஆடினார். அதற்காக, அவர் போன பிறகு அவருக்குத் தண்டனையா? ஆனால் கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தோம். தவறு பெட்டியினுடையது மட்டுமல்ல; நம்முடையதுங்கூட. எதிரியோடு மல்லுக்கு நிற்பதற்குப் பின்வாங்காத ஊக்கம் வேறு. வரம்பு மீறிக் காலை வாருவது வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் வம்புதான். லண்டனில் தயாராகும் 'புட்பால் மானேஜர்' என்ற மற்றொரு விளையாட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டத்துக்கு 20 மார்க்கு. துர்ச்செய்கைக் கட்டம் விளையாடுகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். அது மிகவும் நியாயமான ஏற்பாடு. நமது கட்டத்தில் அந்த வசதியில்லை. ஆகவே, "சாது என்றால் கோழை என்று அர்த்தமல்ல, தம்பி. ஐரோப்பாவின் பெரிய முன்னணிக்காரர்களையெல்லாம் மார்பால் தடுத்து நின்றவர் இவர். 60 போடு" என்றோம். மொத்தம் 89 ஆயிற்று.

முன்னணியில் 90, பின்னணியில் 89. கேட்பதற்கு நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் பையனுடைய முகம் சுருங்கிவிட்டது.

"என்ன விஷயம்?" என்றோம்.

"என் கட்சியில் முன்னணிக்கு 93 உள்ளவர் ஒருவர் இருக்கிறார். பின்னணிக்கும் 93 உள்ளவர் ஒருவர் இருக்கிறார். இவரை எங்கே போடுவது, மாமா? பெஞ்சில்தான் உட்கார வைக்க வேண்டும்."

நாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். பெட்டியின் கணக்கில் தவறில்லை. முன்னணிக்கு மொத்தம் போடும்போது தடுக்கும் திறமையைப் பெட்டி கவனிப்பதில்லை. பின்னணிக்குப் போடும்போது கோல் அடிக்கும் திறமையைக் கவனிப்பதில்லை. இரண்டு தொழில் தெரிந்தவரிடம் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, மற்றொன்றைத் திண்ணையிலேயே நிறுத்திவிடுகிறது. 'புட்பால் மானேஜர்' விளையாட்டில் பல இடங்களில் ஆடப் பழகிக் கொள்ளும் சக்திக்கென்று ஒரு மறைவான கட்டமே உண்டு. ஆனால் அதில் முழு மார்க்கு வாங்கினவரும், ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தானே நின்றாக வேண்டும்?

அந்தச் சமயத்தில் பையனுடைய தாயார் காப்பி கொண்டு வந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு, "எல்லா வேலையும் செய்கிறவர்களுக்கு எந்தக் கட்டத்திலும் முதல் மார்க்கு விழாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி வேண்டுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் காலையில் எழுந்து சமையலை முடித்து, ஆபீஸுக்குப் போய் வந்து, மாலையில் கணக்குப் பாடமும் சொல்லிக் கொடுப்பவர். ஆகையால் நாம் மறு பேச்சுப் பேசவில்லை, காப்பியைக் குடித்தோம்.

காப்பி குடித்ததும் ஒரு கேள்வி எழுந்தது. யுவென்டஸ்காரர்கள் என்ன பைத்தியக்காரர்களா? அவர்களிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பின் எதற்காக இந்த மனிதரை இரண்டு வேலைக்கும் வைத்துக் கொண்டார்கள்?

விடை அந்தக் காலத்து ஆட்ட விதியில் இருக்கிறது. அக்காலத்து லீக் பந்தயங்களில் மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. பதினொரு பேர் இறங்கினால் அந்தப் பதினொரு பேரோடுதான் முடிக்க வேண்டும். ஒருவர் காலை ஒடித்துக் கொண்டால் மீதிப் பத்துப் பேர் ஆட வேண்டும். இங்கிலாந்து லீக்கில் 1965-ல்தான் முதன்முதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தார்கள்; அதுவும் காயம்பட்டவருக்குப் பதிலாக மட்டும். உலகக் கோப்பையில் 1970-ல்தான் அந்த வழக்கம் வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். யுவென்டஸ் பல பந்தயங்களில் சார்லஸை முதலில் முன்னணியில் நிறுத்தும். அவர் ஒரு கோலோ இரண்டு கோலோ போட்டுக் கொடுப்பார். பிறகு பின்னணிக்குப் போய் நின்று, தாம் சம்பாதித்ததைத் தாமே காவல் காப்பார். மைதானத்தைவிட்டு ஒருவரும் வெளியே போகவில்லை. ஒருவரும் உள்ளே வரவில்லை. ஆனாலும் கட்சியே மாறிவிட்டது! மாற்று ஆளே கூடாதென்ற ஆட்டத்தில், ஜான் சார்லஸ் தமக்குத் தாமே மாற்று ஆளாக இருந்தார். 65,000 பவுனுக்கு யுவென்டஸ் வாங்கியது ஒருவரையல்ல. ஒன்றரைப் பேரையாவது வாங்கியது.

இக்காலத்திலோ ஐந்து பேரை மாற்றலாம். வீடியோ விளையாட்டிலும் அப்படியே. கோல் போட்டாயிற்றா? பொத்தானை அமுக்கு, முன்னணிக்காரரை வெளியே அனுப்பு, 93 மார்க்குப் பின்னணிக்காரரை உள்ளே இறக்கு. பெஞ்சு நீளமாகிவிட்ட உலகத்தில் பல தொழில் தெரிந்தவருக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. அவருடைய திறமை குறையவில்லை. அந்தத் திறமையை வேண்டி நின்ற நெருக்கடி போய்விட்டது. அந்த நெருக்கடியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 97-ஐ 99 ஆக்கினால் அது வந்துவிடுமா?

1958-ம் வருஷத்து உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் தேசத்துக்கு வேல்ஸ் கட்சி போயிருந்தது. முதல் பந்தயத்தில் ஹங்கேரிக்கு எதிராகச் சார்லஸ் ஒரு கோல் போட்டார், ஆட்டம் சமனாயிற்று. பின்னர் அதே ஹங்கேரியுடன் ஜூன் 17-ந் தேதி மறுபடி ஆட நேர்ந்தது. வேல்ஸ் ஜெயித்தது. ஆனால் அந்தப் பந்தயத்தில் எதிரிகளிடம் பட்ட அடியால் சார்லஸ் காயமடைந்தார். இரண்டே நாளைக்குப் பிறகு கோதன்பர்க் நகரில் பிரேஸிலுடன் கால் இறுதிப் பந்தயம். சார்லஸ் ஆட முடியவில்லை. பிரேஸில் போட்டது ஒரே ஒரு கோல். போட்டவர் பதினேழு வயதுப் பையன், பெயர் பெலே. உலகக் கோப்பையில் அவருக்கு அதுதான் முதல் கோல். வேல்ஸ் ஊர் திரும்பியது. பிரேஸில் கோப்பையோடு திரும்பியது.

முன்னால் ஒரு கோல் போடவும், பின்னால் ஒரு கோலைத் தடுக்கவும் வல்ல மனிதர் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறுபது வருஷங்களுக்கு மேலாக வேல்ஸ் தேசத்தார் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. சார்லஸின் பெருமை எவ்வளவு என்று அறிய, அவர் ஆடிய பந்தயங்களைக் காட்டிலும் ஆடாத இந்தப் பந்தயமே சரியான அளவுகோல் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆடாத பந்தயத்துக்கு ஜாபிதாவில் கட்டமில்லை.

இதையெல்லாம் பையனிடம் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அப்படியானால் மார்க்கை மாற்ற வேண்டாம், விதியை மாற்றிவிடலாம்" என்றான்.

நாம் அன்று முழுவதும் முயன்று சொல்ல முடியாததை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். எதிர்வீட்டு நண்பனை அழைத்து வந்தான். உடன்படிக்கை ஏற்பட்டது: மாற்று ஆட்டக்காரர் கிடையாது, பெஞ்சைத் தொடக் கூடாது, காயம்பட்டால் பட்டதுதான். பையனுக்கு வேல்ஸ்; நண்பனுக்கு 1958-ம் வருஷத்துப் பிரேஸில். ஜான் சார்லஸின் மார்க்கு முன்னணியில் 90, பின்னணியில் 89, எழுதியது எழுதியபடியே.

முதல் பாதியில் சார்லஸ் தலையால் ஒரு கோல் போட்டார். பையன் உடனே அவரைப் பின்னணிக்கு இறக்கினான். அதற்கப்புறம் பிரேஸில்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வானத்தில் வந்த பந்தெல்லாம் அவருக்கே சொந்தம். நண்பனுடைய நெற்றியில் வியர்வை அரும்பிற்று. "இந்த ஆளை எங்கேயிருந்து பிடித்தாய்?" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அதைக் கேட்க நமக்குப் பரம திருப்தியாயிருந்தது.

கடைசி நிமிஷத்தில் பெலே எப்படியோ புகுந்து கோல் போட்டுவிட்டார். ஆட்டம் சமன்.

பையன் நம்மிடம் ஓடி வந்து, "மாமா! தடுக்கும் திறமைக்கு இன்னும் இரண்டு மார்க்கு மட்டும்!" என்று கெஞ்சினான்.

நாம் சம்மதிக்கவில்லை. பெலே கோல் போட்டதற்காக ஜான் சார்லஸின் பேப்பரைத் திருத்துவது உபாத்தியாய தர்மமல்ல. அதுவுமன்றி, கோதன்பர்க்கில் கிடைக்காத ஒரு கோல் அவருக்கு இன்றைக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பந்தயம் உண்டாம். பெஞ்சு கிடையாது என்ற விதி இரண்டு கட்சிக்கும் பிடித்துப் போய்விட்டது.